கிழமை

சுற்றறிக்கை மார்ச் மாதம் வந்தது,
சிங்களத்தில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று,
தமிழ்ப் பிரதி பின்னர் அனுப்பப்படும் என்ற
ஒரு வரியோடு.
துளையிட்டு, பைலில் கோத்து,
மேல்தட்டில் வைத்தேன்.
மெதொட்ரெக்சேற். வாரத்தில் ஒரு நாள் மட்டும்.
தினமும் எடுத்தால் உயிராபத்து.
எனக்குத் தெரியாததா?
பதினொரு வருடம் இந்த ஜன்னலுக்குப் பின்னால்
நின்றுதானே கால் வீங்கிக் கிடக்கிறது.

டீசல் இல்லாத காலம் அது.
சாவகச்சேரிக்கு மாதாமாதம் அலையவேண்டாம் என்று
மூன்று மாதத்தையும் ஒன்றாய் எண்ணிக் கொடுத்தோம்.
மூட்டுவாத கிளினிக்கில் நூற்றி எண்பது துண்டு,
இருந்தது என் இரண்டு கை.
கொடிகாமத்துக்கு இருந்த ஒரேயொரு பஸ்
பதினொன்றரைக்குப் போய்விடும்.
வரிசை முழுவதும் என் விரல்களையே பார்த்தது.

தவமலர். நாற்பத்தாறு. தையற்காரி.
விடியலில் விரல்கள் ஊசியைப் பிடிக்க
மாட்டோம் என்கின்றன என்று வந்தவள்.
சின்ன மஞ்சள் குளிசை, முப்பத்தாறு.
உறையில் எழுதினேன்:
ஒவ்வொரு கிழமையும் 3.
விளங்கினதோ என்றேன்.
ஓம் என்றாள். அடுத்த துண்டை எடுத்தேன்.

பதின்மூன்றாம் நாள் அவளைக் கொண்டுவந்தார்கள்.
உதடு வெடித்து, வாய் முழுக்கப் புண்,
காய்ச்சல் நூற்றி மூன்று.
வெள்ளைக் கலங்களின் எண்ணிக்கையை
டொக்டர் மயூரதி இரண்டு தரம் வாசித்தாள்.
பிறகு என்னைக் கூப்பிட்டாள்.
தண்ணீரும் இறங்காத தொண்டை பேசவில்லை,
பையிலிருந்து கொப்பியை எடுத்துத் தந்தது கை.
இடுப்பு 32, தோள் 14, கைநீளம் 9,
யாரோ ஒருத்தியின் சட்டை அளவுக்குக் கீழே
அதே ஒழுங்கான எழுத்து:
திங்கட்கிழமை 3
செவ்வாய்க்கிழமை 3
புதன்கிழமை 3
இப்படியே ஒருநாளும் தப்பாமல் பன்னிரண்டு வரி.
மூன்று மாதத்தைப் பன்னிரண்டு நாளில்
சொன்னபடி விழுங்கியிருந்தாள்.
எல்லாமே கிழமைதானே.

மாற்றுமருந்து யாழ்ப்பாணத்திலிருந்து
அம்புலன்ஸில் ஐஸ்பெட்டிக்குப் பக்கத்தில் வந்தது.
அன்றிரவு நான் வீட்டுக்குப் போகவில்லை.
படிவம் நிரப்பினேன்.
நோயாளியின் முதலெழுத்து: த.
சந்தேகிக்கப்படும் மருந்து: எழுதினேன்.
பாதக விளைவு: வாய்ப்புண், என்புமச்சை ஒடுக்கம்.
தொடர்பு: நிச்சயம், இருக்கலாம், சொல்லமுடியாது.
சந்தேகிக்கப்படும் சொல் என்று
அதில் ஒரு கட்டம் இல்லை.
ஓரத்தில், வெள்ளை விட்டிருந்த இடத்தில் எழுதினேன்.
அறிவிப்பவர் பெயர் கேட்ட இடத்தில்
என் கையெழுத்து வழக்கத்தைவிடச் சிறிதாய் விழுந்தது.

அவள் பிழைத்தாள்.
அதை என் கெட்டித்தனம் என்று
யாரும் சொல்லவேண்டாம்.

இப்போது உறையில் நாளின் பெயர் எழுதுகிறேன்,
புதன் மட்டும். மற்ற ஆறு நாளும் தொடாதே.
கூடக் கொடுக்கிற போலிக் குளிசையும் மஞ்சள்தான்,
அதனால் அதன் உறையில் சிவப்புக் கோடு.
வாங்குகிறவர் திருப்பிச் சொன்னால்தான்
உறையிலிருந்து கை எடுப்பேன்.
"இதென்ன, பள்ளிக்கூடமோ?" என்றார் ஒருவர்.
பஸ் போய்விட்டது என்றும் ஏசினார்கள்.
தமிழ்ப் பிரதி இன்னும் வரவில்லை.

மாரி முடிந்து ஒருநாள்
சட்டைத் துணியோடு கொடிகாமம் போனேன்.
வெறுங்கையோடு போக எனக்குத் துணிவில்லை.
முடி கொட்டிய தலையில் சால்வை,
வாயில் இரண்டு குண்டூசி.
என் தோளை அளந்தாள், ஒன்றும் கேட்கவில்லை.
நானும் மன்னிப்பு என்ற சொல்லைத்
தொண்டையில் வைத்தபடியே நின்றேன்.
எப்போது தருவீர்கள் என்றேன்.
"வாற கிழமை" என்றாள்.
ஊசி தைத்தவள்போல நிமிர்ந்தாள்.
வாயிலிருந்து குண்டூசிகளை எடுத்தாள்.
"வியாழன். பின்னேரம் மூண்டு மணி."
அதே கொப்பியில் எழுதி,
என் பக்கம் திருப்பிப் பிடித்தாள்,
நான் வாய்விட்டு வாசிக்கும்வரை.